நான்காம் வரிசையின் மஞ்சள் பூ

நார்டால், அயோவா
22 ஏப்ரல் 1982

அன்புள்ள டாக்மார் அக்காவுக்கு,

நார்டால் கல்லறைத் தோட்ட நிர்வாகக் குழு, தனது தொண்ணூற்றோராண்டு வரலாற்றின் மிகப் பெரிய தீர்மானத்தைச் சென்ற செவ்வாய்க்கிழமை நிறைவேற்றியது. செயலாளன் என்ற முறையில் அதை முதலில் தெரிவித்துவிட்டு, தம்பி என்ற முறையில் உன் உடல்நலத்தை அடுத்தபடியாக விசாரிக்கிறேன். தீர்மானம் இது: எந்த நிறத்தில் புல்வெட்டும் இயந்திரம் வாங்குவது என்று முடிவாகும்வரை, தோட்டத்தில் புல் வெட்டுவதில்லை.

மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? எனக்கு இடது முழங்கால் நீங்கலாக எல்லாம் சுகம்.

பழைய இயந்திரம் அப்பா காலத்தது. அது மார்ச் மாதம் இரண்டாகப் பிளந்தது. புதிதாக வாங்க வேண்டும் என்பதில் ஓட்டுள்ள ஏழு பேருக்கும் ஒரே கருத்து; செயலாளனுக்கு ஓட்டு இல்லை. ஆனால் மூன்று பேர் பரம்பரையாகப் பச்சைக் கம்பெனி டிராக்டர் வாங்கும் வீட்டார், மூன்று பேர் சிவப்புக் கம்பெனி வீட்டார். விகோ, "பச்சை வண்டி போடுற சத்தத்துல செத்தவன் எழுந்து உட்காருவான்" என்றார். எய்னார், "சிவப்பு வண்டி ஓடினாத்தானே சத்தம் வரும், விகோ?" என்றார். இரவல் வாங்கலாமே என்றேன். இரவல் வண்டிக்கும் நிறம் உண்டு என்று இரண்டு தரப்பும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்றைக்கு அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஏழாவது ஓட்டு பெட்ரா அம்மாளுடையது. எண்பத்து நான்கு வயது. "எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுப்பா. எல்லா வண்டியும் ஒரே நிறமாத்தான் தெரியுது. நான் யாருக்கும் கை தூக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தன் காபியைக் குடித்தார். மூன்று மணி நேரம் ஆனது.

முழங்காலுக்கு ஏதாவது தைலம் தெரிந்தால் எழுது.

உன் தம்பி,
ஆர்விட்

போர்ட்லாண்ட், ஆரிகன்
5 மே 1982

அன்புத் தம்பி ஆர்விட்டுக்கு,

மழை விடவில்லை. மூச்சு விடுகிறது. நலம் என்றே வைத்துக்கொள். முழங்காலுக்குத் தைலம் வேண்டாம். ஏணி ஏறாமல் இரு.

உங்கள் குழுவின் தீர்மானத்தைப் படித்துச் சிரித்தேன். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நான்காம் வரிசையை மட்டும் நீயே கை அரிவாளால் வெட்டிவிடு. அம்மா கல்லைச் சுற்றியாவது. அப்பா இருபத்தெட்டு வருஷம் ஒரு சனிக்கிழமை தவறாமல் வெட்டிய இடம் அது. மறக்காதே.

அக்கா,
டாக்மார்

நார்டால்
6 ஜூன் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் சுகமாக வந்தது. நீயும் சுகமாக இருக்க வேண்டும்.

அரிவாளைப் பற்றிக் குழுவிடம் கேட்டேன். அதன் பிடி சிவப்பாக இருந்தது. மேற்கொண்டு எழுதத் தேவையில்லை.

படைவீரர் நினைவு நாள் முழங்கால் அளவு புல்லில் நடந்தது. படைவீரர் கல்லறைகளுக்கு நட்ட சின்னக் கொடிகளை மறுநாள் தேடி எடுக்க வேண்டியிருந்தது; இரண்டு இன்னும் கிடைக்கவில்லை. பாதிரியார் "புல் உலர்ந்துபோகும்" என்ற வசனத்தை எடுத்துப் பேசினார். எய்னார் என் காதில், "உலராது, வெட்டினாத்தான் போகும்" என்றார்.

இனி விஷயம். பதினொன்றாம் இடத்தில், அம்மாவின் கல்லுக்கு முன்னால், அவள் மார்பு இருக்கக்கூடிய இடத்துக்கு நேர் மேலே, ஏதோ முளைத்திருக்கிறது. ஒவ்வோர் இலையும் என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். சீப்பைப் போல ஆழமாகப் பிளந்திருக்கிறது. தொட்டால் பூனை நாக்கு. இத்தனை வருஷமாக ஞாயிறுதோறும் அங்கே உட்கார்கிறேன், பார்த்ததில்லை. புல்லோடு புல்லாக வெட்டுப்பட்டு அடியில் கிடந்திருக்கும்போல.

உனக்குத் தெரியும், அம்மா போனபோது எனக்கு ஆறு வயது. அவள் முகம் நினைவில்லை. அவளைப் பற்றி எனக்கென்று இருப்பது அந்தக் கல்லும், அதன் பக்கத்தில் எனக்கு ஒதுக்கியிருக்கும் இடமும்தான். ஆகவே அவள்மேல் வளர்வது இன்னதென்று தெரியாமல் வெட்டவும் மாட்டேன், வெட்ட விடவும் மாட்டேன். ஓர் இலைத் துண்டை மடித்து வைத்திருக்கிறேன். முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் காய்ந்த செடிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டியவள் நீ. பார்த்துச் சொல்.

முழங்கால் தேவலை.

ஆர்விட்

போர்ட்லாண்ட்
30 ஜூன் 1982

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமே நாடுகிறேன். பதில் தாமதமானதற்கு வீட்டில் வண்ணம் அடித்ததே காரணம்.

இலை வழியில் நசுங்கிவிட்டது. எதுவும் சொல்ல முடியவில்லை. இப்படி இலை உள்ள களைகள் நிறைய. பிடுங்கிப் போட்டுவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டாக்மார்

நார்டால்
18 ஜூலை 1982

அன்புள்ள அக்காவுக்கு,

வண்ண வாசனை மூச்சுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வை. எனக்குக் குறையில்லை.

நீ களை என்று சொன்னதால் களை என்றே நம்பி, மண்வாரி எடுத்துக்கொண்டு போனேன். ஓரத்தில் ஓரடி தோண்டினேன். வேர் என் மணிக்கட்டு அளவு இருந்தது. இரண்டடியிலும் மணிக்கட்டு அளவே. மண்வாரியின் பிடி முறிந்தது. வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த எய்னார், "எதுக்குடா ஆர்விட் கஷ்டப்படுற? அது பூமிக்கு அந்தப் பக்கம் சீனாவுல நிக்கற ஏதோ செடியோட கிளை" என்றார். மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வந்தேன். செடி அதைக் கண்டுகொண்டதாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு அது உயரத் தொடங்கியது. இன்று கல்லைத் தாண்டி, என்னைத் தாண்டி, ஒன்பதடி நிற்கிறது. இன்னொன்று, நம்பினால் நம்பு: அடி இலைகள் யாவும் புத்தக அலமாரியில் நிறுத்திய புத்தகங்களைப்போல நெட்டுக்குத்தாக, ஒரே கோட்டில் நிற்கின்றன. முகங்கள் கிழக்கும் மேற்கும், விளிம்புகள் தெற்கும் வடக்கும். விகோ பேரனின் திசைகாட்டியைக் கொண்டுவந்தார். இலை சரி. தேவாலயம்தான் ஆறு பாகை தப்பு. எண்பது வருஷமாகக் கிழக்கு நோக்கி ஜெபிப்பதாக நினைத்து, நாம் சற்றே விகோவின் பன்றிக் கொட்டிலை நோக்கி ஜெபித்துவந்திருக்கிறோம். பாதிரியாருக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

புதன்கிழமை பூத்தது. மஞ்சள். குழு முழுவதும், பச்சையும் சிவப்பும், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது. ஏன் கழற்றினோம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நீ கேட்க வேண்டிய கேள்விகளை நீ கேட்காததால் நானே கேட்டுப் பதில் எழுதுகிறேன். தண்டு உருண்டை, வெள்ளை முள்மயிர். இலைகள் எதிரெதிர் இல்லை, மாறி மாறி. பூவின் அகலம் என் உள்ளங்கை. சூரியகாந்தி என்று நினைத்து உதிர்ந்த பூவைப் பிரித்தேன். சூரியகாந்தியில் நடுவட்டம்தானே விதை தரும்? இதில் நடுவட்டம் மலடு. சுற்றியுள்ள மஞ்சள் இதழ்களின் அடியில்தான் காய் பிடிக்கிறது. இலைமயிரை எண்ணி இரண்டு புல்லை வேறு பிரிக்க எனக்குப் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தவள், இதைப் பார்த்தா களை என்கிறாய்?

கடைசியாக ஒன்று. தண்டில் பிசின் கசிந்து உருண்டிருந்தது. யோசிக்காமல் எடுத்து வாயில் போட்டேன். ஊசியிலை மரத்தின் வாசனை. அக்கா, எனக்கு அந்த ருசி தெரியும். ஒரு கை என் வாயில் அதை வைக்கிறது. அந்தக் கையில் சோப்பு வாசனை. அம்மாவிடமிருந்து எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று போன கடிதத்தில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

உடனே எழுது.

ஆர்விட்

போர்ட்லாண்ட்
3 ஆகஸ்ட் 1982

தம்பிக்கு,

நலம். கை வலி, அதனால் சுருக்கம். நான் வந்து பார்க்கும்வரை அதை வெளியாள் யாரிடமும் காட்டாதே.

டா.

நார்டால்
24 ஆகஸ்ட் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

உன் அஞ்சலட்டை வந்த அன்று காலையில்தான் வெளியாள் வந்துவிட்டுப் போயிருந்தார். உன் கைக்கு இப்போது தேவலையா?

மாவட்டத்துப் பத்திரிகையில் படம் வந்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து மிஸ் நோவாட்னி என்ற பெண் வந்தாள். முப்பது வயதுக்குள். வாயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, கதவைக்கூட மூடாமல் ஓடிவந்தாள். செடியின் முன் மண்டியிட்டாள். நம் தேவாலயத்தில் யாரும் அப்படி மண்டியிட்டு நான் பார்த்ததில்லை.

"இது திசைகாட்டிச் செடி சார்! இந்த மண்ணோட சொந்தச் செடி. கலப்பை வர்றதுக்கு முன்னாடி இந்த மாநிலம் பூரா இதுதான் நின்னுச்சு. குதிரைமேல இருக்கறவன் முகத்துக்கு நேரா மஞ்சளா மஞ்சளா. இப்ப ரயில் பாதை ஓரத்துலயும் கல்லறை மூலையிலயும்தான் ஒண்ணு ரெண்டு."

"வயசு என்ன இருக்கும்?" என்று எய்னார் கேட்டார்.

தட்டு அகலம் இருந்த அதன் அடியை அவள் விரலால் அளந்தாள். "எழுபது, எண்பது. நூறுகூட இருக்கலாம். வேர் நேரா கீழ பதினஞ்சு அடி போகும். வெட்டினாலும் தீ வச்சாலும் திரும்ப வரும். ஆனா வேரை ஒரு தடவை தோண்டிட்டா முடிஞ்சுது."

"அப்ப எங்க பாட்டனுங்களுக்கு முன்னாடியே இருந்த ஆளா?" என்றார் விகோ. சிவப்புக் கட்சித் தலைவர் ஒரு செடியை ஆள் என்று சொன்னதைக் குறிப்பேட்டில் ஏற்ற முடியவில்லையே என்று எனக்கு வருத்தம்.

அவள் சுற்றியிருந்த சின்னச் சின்னச் செடிகளையும் தடவிப் பார்த்தாள். "இதெல்லாம் மண் புரளாத இடத்துல மட்டும்தான் வரும். ஓரத்துல இப்ப யாரோ கிளறினதைத் தவிர இந்த இடத்துல என்னிக்குமே மண்வெட்டி பட்டதில்ல. நல்ல வேளை, எல்லாப் பக்கமும் குழி வெட்டியிருக்கீங்க, இந்த ஒரு இடத்தை மட்டும் காலியா விட்டு—"

அப்போதுதான் நிமிர்ந்து கல்லைப் படித்தாள். கிர்ஸ்டின் மோல்கார்ட், 1895–1932. மெதுவாக, "மன்னிச்சுக்குங்க, இது யாரு?" என்றாள்.

"எங்கம்மா" என்றேன்.

எய்னார் தொப்பியின் உட்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். விகோ வானத்தில் மழை தேடினார். பெட்ரா அம்மாள், "உள்ள வாங்க, காபி ஆறிடும்" என்றார். காபி இன்னும் போட்டிருக்கவே இல்லை.

அக்கா, அங்கே வியப்பு இல்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவர் முகம் ஒன்றில்கூட வியப்பு இல்லை. எனவே உன்னைக் கேட்கிறேன். அம்மா எங்கே?

ஆர்விட்

போர்ட்லாண்ட்
29 ஆகஸ்ட் 1982

அன்புத் தம்பி ஆர்விட்டுக்கு,

என் கைக்கு ஒன்றுமில்லை. எப்போதும் ஒன்றுமில்லை.

அம்மா இங்கே ஆரிகனிலேயே, ஆஸ்டோரியா ஊரில், ஆற்றைப் பார்த்த மேட்டில் இருக்கிறாள். 1961 நவம்பரில் நெஞ்சில் சளி கட்டி இறந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்; நான் மேற்கே வந்ததே அவளைத் தேடித்தான்.

1932 ஜனவரியில் ஒரே ஒரு பெட்டியோடு மேற்கே போகும் ரயிலில் ஏறினாள். யாருடனும் போகவில்லை. யாருடனாவது போயிருந்தால் அப்பா ஊருக்குச் சொல்லியிருப்பார். அதற்கு ஊரில் ஒரு பெயர் இருக்கிறது. ஒருத்தி தனியாகப் போவதற்குப் பெயர் இல்லை. ஆகவே அவளை ஒமாஹா மருத்துவமனையில் இறக்கவைத்தார். தொற்றுநோய், யாரும் வரவேண்டாம், விடியலிலேயே அடக்கிவிட்டேன் என்றார். குழி வெட்டுபவர் அவர்தானே. நிலம் இரும்பாக உறைந்து, மேலே இரண்டடி பனி. யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கல்லை மட்டும் நட்டார். பொய்க்குழி வெட்ட அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். தொழிலில் நேர்மையானவர்.

அந்த மூலையை அவர் ஏன் எடுத்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் வேலை செய்யும்போது அம்மா உன்னை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் உட்காருவாள். அந்தச் செடியின் பிசினை உருட்டி உன் வாயில் வைப்பாள். அவள் போன பிறகு அவர் அதைப் பூக்க விடவில்லை. அதை வெட்டுவதற்காக வெட்டினாரா, பார்க்க முடியாமல் வெட்டினாரா என்று நான் கேட்கவில்லை. ஏன் போனாய் என்று அம்மாவையும் கேட்கவில்லை, இருபத்தைந்து வருஷம் பக்கத்தில் இருந்தும். நம் வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்டதில்லை. போன வாரம் நீதான் முதல்முறையாகக் கேட்டாய்.

நீ ஜூனில் அனுப்பிய இலையை, உறையைப் பிரிக்கும் முன்னே விரலால் தடவியே அறிந்துவிட்டேன். அது பெருமை பேசக்கூடிய நாளாக இல்லை.

அப்பா போன பிறகாவது சொல்லியிருக்கலாம். அதற்குள் நீ அந்தக் கல்லுக்கு முப்பது வருஷம் பூ வைத்துவிட்டாய்.

டாக்மார்

போர்ட்லாண்ட்
10 அக்டோபர் 1982

தம்பிக்கு,

ஆறு வாரமாகக் கடிதம் இல்லை. கோபமாக எழுதினாலும் எழுது. முழங்கால் எப்படி இருக்கிறது என்றாவது எழுது.

அக்கா

நார்டால்
28 அக்டோபர் 1982

அக்காவுக்கு,

முழங்கால் தேவலை.

செடி காய்ந்து பழுப்பாகி, விறைப்பாக நிற்கிறது. வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை போனேன். எங்கே உட்காருவதென்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு அதே இடத்தில்தான் உட்கார்ந்தேன்.

பெட்ரா அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்த வருஷம் பனி உருகினப்போ புல்லு கிழியாம இருந்துச்சுப்பா. எல்லாரும் பார்த்தோம். உங்கப்பன் மூஞ்சியப் பார்த்து யாரு கேக்கறது?" என்றார். அப்பாவுக்குப் பிறகும் குழு அந்த வரிசையை ஒரு வாரம்கூட விடாமல் வெட்டியது எதற்கென்று இப்போது புரிகிறது. நான் அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

"அப்புறம் ஏன் ஏப்ரல்ல கை தூக்கல நீங்க?" என்று கேட்டேன்.

"எண்பத்தி நாலு ஆச்சுல்ல. அது பூத்து நான் ஒரு தடவை பார்த்திருக்கேன், கல்யாணமாகி வந்த புதுசுல. இன்னொரு தடவை பார்க்கணும்னு இருந்துச்சு" என்றார். அவருக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் என்னைப் பற்றி விசாரித்தாளா?

ஆர்விட்

போர்ட்லாண்ட்
4 நவம்பர் 1982

அன்புத் தம்பிக்கு,

நீ எனக்கு எழுதிய கடிதங்களை எனக்கு முன்னால் அவள்தான் பிரிப்பாள். மீன் டப்பாத் தொழிற்சாலையில் வேலை. கையில் வாடை போகாது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவிவிட்டுத்தான் உன் கடிதத்தைத் தொடுவாள்.

பன்னிரண்டு வயதில் எழுதியிருந்தாய், 'அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா எனக்கும் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்' என்று. அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. ஊருக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். "நான் செத்தவளாவே இருக்கேன். பிள்ளைக்கு உட்கார ஒரு இடமாவது இருக்கட்டும்" என்றாள். அந்தக் கடிதத்தை மட்டும் எனக்குத் திருப்பித் தரவில்லை. அவள் சவப்பெட்டிக்குள் வைத்து நான்தான் மூடினேன்.

அவள் வாரந்தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "அந்தச் செடியைப் பத்தி ஏதாவது எழுதியிருக்கானா?" நீ எழுதியதே இல்லை. இந்த ஜூன் மாதம்தான் எழுதினாய்.

குளிர் தொடங்கிவிட்டது. மார்பை மூடிக்கொள்.

அக்கா,
டாக்மார்

நார்டால்
24 நவம்பர் 1982

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். மார்பை மூடியிருக்கிறேன்.

உறையில் இருப்பவை விதைகள். மஞ்சள் இதழ்களின் அடியிலிருந்து நானே எடுத்தேன். மிஸ் நோவாட்னியைக் கேட்டேன்: ஒரு குளிர்காலம் முழுக்க ஈரத்தில் கிடக்க வேண்டுமாம், பிறகு முளைக்குமாம், முளைத்தால் பூக்க ஏழெட்டு வருஷம் ஆகுமாம். எனக்கு ஐம்பத்தேழு. காத்திருக்கலாம். இப்போதே ஆற்றங்கரை மேட்டில் போட்டுவை. மார்ச் மாதம் ரயிலில் வருகிறேன். அங்கே புல் வெட்டுபவர் யார், வண்டி என்ன நிறம் என்று விசாரித்துவை.

ஒன்று கேட்க மறந்தேன். அவளுக்குப் பிடித்த பாட்டு என்ன, காபியில் பால் விடுவாளா, உயரமா குட்டையா? ஒரே கடிதத்தில் எழுதாதே. வாரம் ஒன்றாக எழுது.

நேற்றைய கூட்டத்தின் குறிப்பை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தம்பி,
ஆர்விட்

நார்டால் கல்லறைத் தோட்ட நிர்வாகக் குழு
23 நவம்பர் 1982 கூட்டக் குறிப்பு

வந்திருந்தோர்: எழுவரும், செயலாளரும்.

பொருள் ஒன்று: புல்வெட்டும் இயந்திரம். பச்சை இயந்திரம் வாங்குவதென்றும், வாங்கிய அன்றே அதற்குக் கறுப்பு வண்ணம் அடிப்பதென்றும், நான்காம் வரிசையில் அதை ஓட்டுவதில்லை என்றும் தீர்மானிக்கப்பட்டது. ஆதரவு நான்கு, எதிர்ப்பு மூன்று. விவாதம்: இரண்டே முக்கால் மணி நேரம்.

பொருள் இரண்டு: பதிவேட்டில் ஒரு திருத்தம். முன்மொழிந்தவர் செயலாளர். வழிமொழிந்தவர் பெட்ரா அம்மாள். ஆதரவு ஏழு. விவாதம்: இல்லை. நேரம்: அரை நிமிடம்.

திருத்தம்: நான்காம் வரிசை, பதினொன்றாம் இடம், காலி.